பூக்கார அம்மா எடுத்த அளவுப் பாடம்: சென்னைத் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வகுப்பில் 34 பிள்ளைகள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தது ஏழு பேர், அதில் இரண்டு பேர் ஆயாக்கள், அதாவது பாட்டிகள். "இவங்களுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே கிடையாது" என்று அன்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். நானும் தலையாட்டினேன். வேலைக்குச் சேர்ந்த புதிது.

மறுநாள் காலை ஒரு அம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "மிஸ், நேத்து வர முடியல. நான் வேலை செய்யற வீட்ல பதினொன்றரைக்குத்தான் விடுவாங்க. சொல்லாம வந்தா சம்பளத்துல புடிச்சிக்குவாங்க." கூட்டம் நடந்தது காலை பத்தரைக்கு. அந்த நேரத்தைக் குறித்தது யார்? நாங்கள்தான். எங்களுக்குத் தோதான நேரம் அது.

பெற்றோரைப் பள்ளிக்கு எப்படி வரவழைப்பது என்று பல வருடம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்களிடம் இருப்பதைப் பள்ளி எப்படிக் கேட்டு வாங்குவது என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் வகுப்பு மாறியது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

கல்வியியலில் இதைப் பண்பாட்டுக்கு ஏற்ற கற்பித்தல் என்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளுக்கு நன்றாகக் கற்பித்த ஆசிரியர்களைக் கவனித்து குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995-ல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு அடித்தளம். அதற்கு முன்பே, 1992-ல், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் லூயிஸ் மோலும் உடன் பணியாற்றியவர்களும் செய்த வேலையைப் பற்றி எழுதினார்கள். ஆசிரியர்களே மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போய், அங்கே விவசாயம், கட்டட வேலை, வைத்தியம், கணக்கு வழக்கு என்று எவ்வளவு அறிவு குவிந்து கிடக்கிறது எனக் குறித்து வந்து, அதிலிருந்து பாடம் அமைத்தார்கள். அங்கே கட்டட வேலை என்றால் இங்கே மீன் ஏலம், பூக்கட்டு, ஆட்டோ, இட்லிக் கடை.

முதல் வேலை: ஜூன் மாதத்து நோட்டு

பிள்ளைகள் விவரத்தைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். பிறந்த தேதி, ஆதார், ரத்த வகை எல்லாம் இருக்கும். காலையில் பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவது யார் என்று இருக்காது. ஒரு 100 பக்க நோட்டு வாங்கி, பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், வீட்டில் பேசும் மொழி, யாரிடம் ஒட்டுதல், வீட்டுப் பெரியவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், பிள்ளைக்குக் கைவந்தது எது. இவ்வளவு போதும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நிரப்ப வேண்டியதில்லை. தீபாவளிக்குள் நிரம்பினாலே பெரிய விஷயம்.

என்ன செய்யக்கூடாது என்பதை என் தவறிலிருந்தே சொல்கிறேன். முதல் வருடம், மூன்றாம் வகுப்பில், ஒவ்வொருவராக எழுந்து அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொல்லச் சொன்னேன். டிரைவர், பெயின்டர், மளிகைக் கடை என்று உற்சாகமாக வந்துகொண்டிருந்தது. ஒரு சிறுமியின் முறை வந்ததும் எழுந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. "சொல்லும்மா" என்றேன். "கவர்மென்ட் வேலை" என்றாள். பின்னாலிருந்து ஒரு பையன் சிரித்தான். அவள் அப்பா கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுப்பவர் என்று அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. அதன்பின் இரண்டு நாள் அவள் வரவில்லை.

நம் ஊரில் தொழிலைக் கேட்பது பல நேரம் சாதியைக் கேட்பதுதான். எல்லோர் முன்னாலும் அதைக் கேட்காதீர்கள். குடும்ப மரம் வரைந்து வா, அப்பாவின் போட்டோ ஒட்டி வா என்பதும் அப்படித்தான். அப்பா இல்லாத பிள்ளைக்கு அது தண்டனை. போதாக்குறைக்குச் சார்ட், ஸ்கெட்ச் செலவு வேறு. "வீட்டில் உனக்குப் பிடித்த ஒருவர் உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்?" என்று கேளுங்கள். அதே தகவல் வரும், யாருக்கும் முகம் சுண்டாது.

இரண்டாவது: வீட்டுக்குப் போங்கள்

அலுப்பான வேலைதான். ஆனால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திடீரென்று போய் நிற்காதீர்கள். நம் மக்களுக்கு, டீச்சர் வீட்டுக்கு வந்தால் பிள்ளை ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். நீங்கள் கிளம்பியதும் அவன் முதுகில் விழும். இரண்டு நாள் முன்பே சொல்லி அனுப்புங்கள்: "சும்மா பார்த்துட்டுப் போகத்தான் வரேன், புகார் ஒண்ணும் இல்ல." எல்லா வீட்டுக்கும் போவதாக வகுப்பிலேயே அறிவித்துவிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். துணைக்கு இன்னொரு ஆசிரியரோ, அந்தத் தெருவிலேயே இருக்கும் ஒரு அம்மாவோ இருந்தால் நல்லது. வாரத்துக்கு இரண்டு வீடு, பள்ளி விட்டதும், ஒரு வீட்டில் இருபது நிமிடம். அதற்கு மேல் உட்கார்ந்தால் அவர்கள் சமையல் கெடும்.

கையில் ரிஜிஸ்டர் வேண்டாம். பேனாவை எடுத்தால் ரேஷன் கார்டு கணக்கெடுப்பு என்று நினைத்துப் பேச்சை அளந்து பேசுவார்கள். டீ கொடுத்தால் குடியுங்கள். சிலர் குடிக்காமல் வருவதன் காரணம் அந்த வீட்டுக்கு நன்றாகவே புரியும், பிள்ளைக்கும் புரியும். சுகர் இருந்தால் "சக்கரை இல்லாம குடுங்க" என்று சொல்லிக் குடியுங்கள்.

கேட்க வேண்டியது முதலில் ஒன்றே ஒன்று: "இவன் வீட்ல எதுல கெட்டிக்காரன்?" பல அம்மாக்கள் இந்தக் கேள்வியில் திகைத்துப் போவார்கள். டீச்சர் வாயிலிருந்து குறை கேட்டே பழக்கம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும்: "தண்ணி லாரி வந்தா இவன்தான் மொதல்ல ஓடுவான் மிஸ், யார் எத்தனை கொடம் புடிச்சாங்கன்னு கரெக்டா சொல்லுவான்." வகுப்பில் கூட்டல் தெரியாது என்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் அதே பையன்தான்.

அடுத்து, அந்த வீட்டுப் பெரியவர்களுக்குக் கைவந்த வேலை எது என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். கடைசியாக, பள்ளியைப் பற்றி அவர்களுக்கு உள்ள பயம். வருமானம், கடன், சாதி, அப்பா எங்கே என்பதெல்லாம் அவர்களாகச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கலாம், நீங்களாகக் கிளற வேண்டாம். வீட்டில் பார்த்ததை ஆசிரியர் அறையில் கதையாகச் சொல்லவும் வேண்டாம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது, கேட்டிருக்கிறேன்.

போகும்போது ஊர் புரியும். கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களில் பலருக்கு வேலை இன்னும் நகருக்குள்ளேதான். விடிவதற்குள் பஸ் பிடிக்கிற அம்மாவின் பிள்ளை தானே கிளம்பித் தானே பூட்டிக்கொண்டு வருகிறது. அதன் யூனிஃபார்ம் ஏன் கசங்கியிருக்கிறது என்று அப்புறம் நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

மூன்றாவது: வீட்டு அறிவைப் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள்

பொங்கல் அன்று வேட்டி கட்டி வருவதும், பாரம்பரிய உணவுத் திருவிழா நடத்துவதும்தான் பண்பாட்டைச் சேர்ப்பது என்று பல பள்ளிகளில் நினைக்கிறார்கள். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு நாள் கூத்து. செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது பீரியடில், கணக்குப் பாடத்தில், அந்த வீடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். மூன்றாம் வகுப்பு, நீளத்தை அளத்தல். ஒரு பையனின் அம்மா கோயில் வாசலில் பூ விற்பவர். மதியம் மூன்று மணிக்குக் கடை போடுவார் என்பதால் இரண்டு மணிக்கு வகுப்புக்கு வரச் சொன்னேன். வாசலிலேயே தயங்கி நின்றார். "நான் என்னா மிஸ் சொல்லிக் குடுக்கறது, நான் மூணாவதுதான் படிச்சிருக்கேன்" என்றார். "இவங்களும் மூணாவதுதான்" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே வந்தார்.

கதம்பச் சரத்தை எடுத்து, நடுவிரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஒன்று, இரண்டு என்று நாலு முழம் அளந்து கிள்ளி வைத்தார். அப்புறம் அதே சரத்தை அவர் மகனை அளக்கச் சொன்னேன். அவன் கையில் ஐந்து முழமும் கொஞ்சமும் வந்தது. வகுப்பே கத்தியது: "டேய் ஏமாத்தறான் மிஸ்!" இன்னொருத்தி அளந்தாள், அவளுக்கும் ஐந்துக்கு மேல்தான். நான் அளந்தேன், நாலுக்குக் கொஞ்சம் குறைவு. பூ அதேதான், எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஐந்து நிமிடச் சண்டைக்குப் பிறகு ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி சொன்னாள்: "அப்போ சின்னக் கை இருக்கிற ஆயாகிட்ட பூ வாங்கினா நமக்குத்தான் நஷ்டம்." அதற்கு அந்த அம்மா, "அதுக்குத்தான் ஒரு கிள்ளு சேத்துக் குடுக்கறது" என்றார்.

துணிக்கடையில் ஏன் மீட்டர் கம்பி வைத்திருக்கிறார்கள் என்று நான் விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஸ்கேலை எடுத்துச் சென்டிமீட்டரில் அளந்தபோது எல்லோருக்கும் ஒரே எண் வந்தது. அதுதான் பாடம்.

போகிற போக்கில் அவர் பூக்கட்டிக் காட்டினார். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து ஒரு முடிச்சு. ஒரு முடிச்சுக்கு நாலு பூ, பத்து முடிச்சுக்கு? நாலாம் வாய்ப்பாடு அன்று பாதி வகுப்புக்கு ஒட்டிக்கொண்டது.

உங்கள் பகுதியில் பூ இல்லையென்றால் வேறு ஏதாவது இருக்கும். காசிமேட்டுப் பக்கம் என்றால் மீனைக் கூறு போடுவது, அதாவது வகுத்தல். அரிசி அளக்கும் ஆழாக்கும் படியும் வைத்துக் கொள்ளளவு சொல்லலாம். ஆட்டோ ஓட்டும் அப்பா வந்து, பள்ளியிலிருந்து சென்ட்ரலுக்கு வழியைப் போர்டில் வரைந்தால் அதுவே வரைபடப் பாடம். வியாசர்பாடியில் 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. அங்கே ஒரு ஆயாவை உட்காரவைத்துக் கப்பலில் வந்த கதையைக் கேட்டால், சூழ்நிலையியலும் தமிழும் ஒரே பீரியடில் நடந்துவிடும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. அந்த வேலையைக் காட்டி "நீயும் இதைத்தான் செய்யப் போகிறாய்" என்ற வாசனை வந்துவிடக்கூடாது. அம்மாவின் கணக்கறிவைத்தான் வகுப்பு பார்க்க வேண்டும், குலத்தொழிலை அல்ல. இன்னொன்று, பிள்ளையிடம் தனியாகக் கேட்டு அது சரி என்றால் மட்டும் கூப்பிடுங்கள். சில பிள்ளைகளுக்குப் பிடிக்காது. விட்டுவிடுங்கள்.

நான்காவது: வீட்டுப் பேச்சு

"அத்த இஸ்துகினு வந்தேன் மிஸ்" என்று ஒரு பிள்ளை சொல்கிறது. நம்மில் பாதிப் பேர் உடனே "ஒழுங்கா பேசு" என்போம். பிள்ளை அதோடு பேச்சை நிறுத்திவிடும், கதை போயிற்று. நான் செய்வது வேறு. கதையை முழுசாகச் சொல்ல விடுவேன். அப்புறம் போர்டில் நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் வீட்டுப் பேச்சு, வலது பக்கம் புத்தகத் தமிழ். இஸ்துகினு – இழுத்துக்கொண்டு. நாஸ்தா – காலை உணவு. பேஜார் – தொல்லை. பிள்ளைகளே சொல் கொண்டுவந்து குவிப்பார்கள். நாஸ்தா உருதுக்காரர்களிடமிருந்தும் நைனா தெலுங்குக்காரர்களிடமிருந்தும் வந்தது என்று சொன்னால், அந்த வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பரீட்சையில் வலது பக்கம்தான் எழுத வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எங்கே எதைப் பேசுவது என்று தெரிவதும் படிப்புதான்.

வேறு மொழி பேசும் பிள்ளைகள் இப்போது எல்லா வட்டாரத்திலும் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் உருது, சௌகார்பேட்டையில் மார்வாரியும் குஜராத்தியும் என்பதெல்லாம் பழைய கதை. அம்பத்தூர்ப் பக்கம் பீகார், ஒடிசாத் தொழிலாளர் பிள்ளைகளும் வருகிறார்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் தமிழ் கட்டாயப் பாடம், ஆகவே அவர்களும் தமிழ் படித்தே ஆக வேண்டும். அதற்கு ஏணி வீட்டு மொழிதான். கல்வி உரிமைச் சட்டமும் பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது.

சுவரில் ஒரு சொல் அட்டை வையுங்கள். தண்ணீர் என்று எழுதி, கீழே தெலுங்கில் நீள்ளு, இந்தியிலும் உருதிலும் பானி, ஒடியாவில் பாணி, எல்லாம் தமிழ் எழுத்தில். மலையாள வீட்டுப் பிள்ளை ஒன்று என் வகுப்பில் "வெள்ளம் வேணும்" என்றதும் எல்லோரும் 2015 மழையை நினைத்துக்கொண்டு அலறினார்கள். அவர்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர் என்று தெரிந்ததும் ஒரு வாரம் வகுப்பே வெள்ளம் கேட்டுக் குடித்தது. தமிழ் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில், நன்றாகப் படிக்கிற பிள்ளையைவிட நிறையப் பேசுகிற பிள்ளையை உட்காரவையுங்கள்.

ஐந்தாவது: கூட்டத்தை அவர்கள் கடிகாரத்துக்கு வையுங்கள்

நோட்டில் நேரம் குறித்தீர்கள் அல்லவா, இப்போது அதைத் திறங்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மதியம் கொஞ்சம் ஓய்வு உண்டு. கட்டட வேலைக்காரர்களுக்கு மாலை ஆறுக்கு மேல்தான். இஸ்லாமியக் குடும்பங்கள் உள்ள பகுதியில் வெள்ளி மதியத் தொழுகை நேரம் வேண்டாம். மீனவர் பகுதியில் கிழக்குக் கடற்கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுக்குப் போகும் அப்பாக்களைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆனால் கையில் காசு இல்லாத காலமும் அதுவே, அப்போது செலவு வைக்காதீர்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா, ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ். அந்த நாட்களில் டெஸ்ட் வைத்துவிட்டு ஆப்சென்ட் என்று புலம்பிப் பயனில்லை.

ஒரே கூட்டமாக வைக்காமல் இரண்டு நேரம் கொடுங்கள். எல்லோர் முன்னாலும் மார்க் வாசிக்க வேண்டாம். ஒவ்வொருவரிடமும் முதல் வாக்கியம் பிள்ளை செய்த ஒரு நல்ல காரியமாக இருக்கட்டும், "நல்லா படிக்கிறான்" என்ற பொதுப்பேச்சு இல்லாமல். "நேத்து கீழ விழுந்த பையனைத் தூக்கி விட்டான்" என்றால் அந்த அப்பா அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் கேட்பார்.

வாட்ஸ்அப் குழுவில் நீளமாக டைப் செய்து அனுப்பாதீர்கள், அதிலும் ஆங்கிலத்தில் வேண்டவே வேண்டாம். தனியார் ஆங்கிலவழிப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் வந்த பிள்ளைகளின் பெற்றோர் சர்க்குலரைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அரை நிமிடக் குரல் பதிவு போதும், இரவு எட்டு மணிக்கு அனுப்புங்கள். பல வீடுகளில் போன் அப்பாவோடுதான் வேலைக்குப் போய்த் திரும்புகிறது.

ஆறாவது: எழுத்துத் தெரியாத வீட்டிலும் வீட்டுப்பாடம்

"வீட்டில் சொல்லிக் கொடுங்கள்" என்று சொல்வது பாதிப் பெற்றோரை வெட்கப்பட வைக்கிற வாக்கியம். அதற்குப் பதில் நான் கேட்பது, உம் கொட்டுவது. இரவு பத்து நிமிடம் பிள்ளை வாசிக்கும், பெரியவர் சமைத்துக்கொண்டோ பாத்திரம் துலக்கிக்கொண்டோ உம் கொட்ட வேண்டும். நிறுத்தினால் "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான், எழுத்துத் தெரியத் தேவையில்லை. மறுநாள் வகுப்பில் நான் கேட்பதும் ஒன்றுதான்: "நேத்து யாரு உம் கொட்டினாங்க?" தாத்தா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, ஒரு பையனுக்கு வாட்ச்மேன் தாத்தா.

வாரம் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். வீட்டுப் பெரியவர் கதை சொல்ல, பிள்ளை உம் கொட்டி, மறுநாள் அதை வகுப்பில் எழுத வேண்டும். எழுத்துப் பிழை கிடக்கட்டும், முதலில் கதை வரட்டும்.

சாப்பாடு

சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் ஒரு பிள்ளை வகுப்பில் ஒட்டுமா ஒட்டாதா என்பது பல நேரம் டிபன் பாக்ஸில் தீர்மானமாகிறது. கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துவதைப் பார்த்தால் உடனே தலையிடுங்கள், பிரசங்கம் இல்லாமல். நீங்களும் அந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாலே பாதி அடங்கிவிடும். 1920-ல் ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கிய ஊர் இது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் இப்போது காலையிலும் பிள்ளைகள் ஒன்றாக உட்காருகிறார்கள். யார் யார் பக்கத்தில் உட்காராமல் தள்ளிப் போகிறார்கள் என்று அங்கேதான் தெரியும். கவனியுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு

கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 21-ஆம் பிரிவுப்படி அரசுப் பள்ளியில் இந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நடைமுறையில் பல இடங்களில் தீர்மான நோட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கி விடுவார்கள். மாற்ற ஒரு எளிய வழி: முதல் கூட்டத்தில் பெற்றோரே தீர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு விஷயத்தை வையுங்கள். எங்கள் குழுவில் அது கழிப்பறைத் தாழ்ப்பாள். ஒரு அப்பா தச்சர், ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அழைக்காமலே நாலு பேர் கூடுதலாக வந்தார்கள்.

ஏப்ரலில்

வருடம் முடியும்போது அந்த நோட்டை என்ன செய்வது? வீட்டுக் கஷ்டங்கள் எழுதியிருந்தால் அந்த வரிகளை அடித்துவிடுங்கள், அவை நம்மை நம்பிச் சொன்னவை. மிச்சத்தை அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் பிள்ளைக்கு இரண்டு வரியாகக் கொடுங்கள். நீளமாக இருந்தால் படிக்க மாட்டார்கள், நானும் படித்ததில்லை.

பூக்கார அம்மாவின் மகனுக்கு நான் எழுதிக் கொடுத்தது: "வீட்டில் சின்னா என்று கூப்பிடுவார்கள். நாலாம் வாய்ப்பாடு தடுமாறினால் அம்மாவின் பூ முடிச்சை ஞாபகப்படுத்தவும். அம்மாவைப் பார்க்க இரண்டிலிருந்து மூன்று மணிக்குள் கூப்பிடவும்."